துணிக்கல்லின் சாய்வு

சுரங்கச் சுவரைப் பார்த்து “ரத்தம், ரத்தம்!” என்று அலறி, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த அத்தனை ஆட்களையும் வெளியே ஓடவைத்தவன் நான். அது ரத்தமில்லை. கார்னெட். பாறைக்குள்ளேயே விளைகிற சிவப்பு மணிகள், மிளகு அளவு இருக்கும். கல்லூரியில் அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் கல்லூரியில் கார்னெட் கண்ணாடி அலமாரிக்குள் காய்ந்து கிடந்தது. இங்கே, நீலகிரியில் குந்தா பக்கத்தில் ஒரு மலைக்குள், ஈரச் சுவரில், தலைவிளக்கு வெளிச்சம் பட்டுச் சொட்டுச் சொட்டாக மினுங்கியது. மலைக்குள் நுழைந்ததிலிருந்தே, தலைக்கு மேலே எது எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே வந்தவன் நான். யாரோ நசுங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஓடிய ஆட்கள் திரும்பி வந்து காரணம் தெரிந்ததும் சிரித்த சிரிப்பு சுரங்கத்துக்குள் நெடுநேரம் எதிரொலித்தது. எங்கள் மேலதிகாரி பாலாமணி மேடம் மட்டும் சிரிக்கவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தொங்கிய லென்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“பாருங்க. பயந்தது தப்பில்லீங்க. பாக்காமக் கத்துனதுதான் தப்பு.”

அன்றிலிருந்து என் பெயர் ‘ரத்த சார்’. எங்கள் ஜீப் டிரைவர் போஜன் அதைப் போகும் ஊருக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தார். மலைக்குள் போய் மலையைப் படிக்கிற வேலை எனக்கு. மலை என்றாலே பயம். இதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினேன் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். போன வருஷம் முழங்கால் கைவிட்டதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். முழங்கால்தான் காரணம் என்று மெடிக்கல் சர்டிபிகேட்டும் இருக்கிறது.

இப்போது ஆபீசில் இருக்கும் பிள்ளைகள் போனை எடுத்துப் பாறையில் ஒட்டினால் போதும், சாய்வு எவ்வளவு என்று அதுவே சொல்லிவிடுகிறது. சரிவுகளில் கருவி புதைத்துவிட்டு ஊட்டியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். “சார், உங்க காலத்துல எப்படி சார் பண்ணீங்க?” என்று கேட்டார்கள். பயந்து பயந்து பண்ணினோம் என்றேன். அதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

படித்தது, பரீட்சை எழுதியது, வெயிலில் சுத்தி தூக்கிக்கொண்டு அலைந்தது எல்லாம் எல்லா ஜியாலஜிஸ்டுக்கும் ஒரே கதைதான். அதை விட்டுவிடுகிறேன். பாலாமணி மேடத்தை விடமுடியாது.

மேடம் கோயமுத்தூர்க்காரர். கோபம் வந்தால் மரியாதை கூடும். “வாங்க, உக்காருங்க” என்றால் சாதாரண நாள். “ஏனுங்க, தாங்கள் கொஞ்சம் இப்படி வந்து நிக்கறீங்களா” என்றால் அன்றைக்கு நம் கதை முடிந்தது. யோசிக்கும்போது ஒரு கிராம்பை எடுத்துக் கடைவாயில் வைத்துக்கொள்வார். அது உடைகிற சத்தம் வரும்வரை யாரும் பேசக்கூடாது. பாறையைச் சுத்தியால் தட்டுவதற்கு முன் கையை வைத்துப் பார்க்கவேண்டும், கையை வைப்பதற்கு முன் நின்று பார்க்கவேண்டும். எந்தப் பாறையையும் அவர் ‘பத்திரம்’ என்று சொன்னதில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இன்னிக்கு நிக்குதுங்க” என்பார். அவ்வளவுதான்.

புத்தகத்தில் எனக்குப் புரியாததையெல்லாம் அவர் ஜீப்பில் போகிற வழியிலேயே புரியவைத்தார். பாறை உருமாறுகிறது என்றால் உருகுகிறது என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உருகிவிட்டால் அது வேறு ஜாதிப் பாறை. உருமாறும் பாறை கடைசிவரை கெட்டியாகவே இருக்கும். பூமிக்குள் பல மைல் ஆழத்தில் சூடும் அழுத்தமும் சேர்ந்து பிழியப் பிழிய, கெட்டியாக இருந்தபடியே உள்ளே இருக்கும் துகள்கள் நகரும், திரும்பிப் படுக்கும், சில கரையும், சில புதிதாக முளைக்கும்.

“சீசன் டைம்ல குன்னூர் பஸ்ஸுல ஏறியிருக்கீங்களா?” என்று மேடம் கேட்டார். “நெரிசல் ஆக ஆக எல்லாரும் ஒருக்களிச்சுத் திரும்பிக்குவாங்க. எந்தப் பக்கமிருந்து தள்ளு வருதோ அதுக்குக் குறுக்கால. அதுதானுங்க பாறையில நாம பாக்கற கோடு. நடுவுல ஒரு குண்டு ஆளு எடம் புடிச்சு, மத்தவங்களத் தள்ளிக்கிட்டே பெருத்துக்கிட்டுப் போவான் பாருங்க, அவன்தான் உங்க ரத்தம்.”

போஜன் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அந்தக் கோடு ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான். ஆழத்தில் இருந்த பாறை மலையாக எழும்பி வெளியே வந்த பிறகும் மாறாது. எங்கள் பிழைப்பில் பாதி, அந்தக் கோடு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளப்பதுதான். மலைக்குள் சாய்ந்திருந்தால் பின்பக்கம் சாய்ந்த அலமாரியில் வைத்த டப்பாக்கள் மாதிரி, எதுவும் எளிதில் விழாது. பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தால் அங்கே வீடு கட்டியவனுக்குச் சாமிதான் துணை.

இதற்கு மேடம் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வேறு எந்த ஆபீசிலும் நான் பார்த்ததில்லை. சாய்வுமானியை வைக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பெயின்ட் பொட்டு. பக்கத்திலேயே, அன்றைக்கு எத்தனை டிகிரி சாய்வு என்று பாறை மேலேயே எழுதிவிடவேண்டும். எழுதுவதற்கு முன், ஒருவர் அளந்ததை இன்னொருவருக்குச் சொல்லாமல் அவரையும் அளக்கச் சொல்லவேண்டும். பாறைக்கெல்லாம் பொட்டு வைத்துச் சடங்கு சுற்றுகிறார் என்று நான் ஆபீசில் நையாண்டி பண்ணியிருக்கிறேன்.

இத்தலார் தாண்டி ஒரு எஸ்டேட். தேயிலைச் சரிவின் அடியில் தகரக்கூரை போட்ட தொழிலாளர் லைன் வீடுகள் ஒரு வரிசை; லயம் என்றும் சொல்வார்கள். அவற்றுக்கு நேர் மேலே, இரண்டு வீடு அளவுக்கு ஒரு கருங்கல் மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருந்தது. வெயில் அடித்தால் லைன் பெண்கள் துணிகளை அதன் மேல்தான் விரிப்பார்கள். அதனால் அது துணிக்கல். கல்லில் அடித்த ஒரு இரும்பு முளையிலிருந்து கீழே முதல் வீட்டுக் கூரைக் கம்பம்வரை நைலான் கயிற்றில் கொடியும் கட்டியிருந்தார்கள்.

நீலகிரிப் பாறை வெளியிலிருந்து உள்நோக்கி மக்கிச் செம்மண்ணாகும். மக்காமல் மிஞ்சும் பெரிய கற்கள், கேசரிக்குள் முந்திரி மாதிரி மண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கும். மேலே தெரிகிற கல் மலையோடு வேர் பிடித்ததா, மிதக்கிற முந்திரியா என்று பார்த்ததும் சொல்லமுடியாது. அதற்கு ஒரு குறுக்குவழி: பக்கத்தில் ரோட்டுக்காக மலையை வெட்டிய ரோட்டுவெட்டில் தெரியும் பாறையின் கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. அந்தச் சரிவு முழுக்கக் கோடு மலைக்குள் முப்பத்தைந்து டிகிரி சாய்ந்திருந்தது. துணிக்கல்லிலும் முப்பத்தைந்து. மாசி மாதம் நானே பொட்டு வைத்து, முப்பத்தைந்து என்று எழுதினேன். “வேர் இருக்கு மேடம்,” என்று பெருமையாகச் சொன்னேன்.

மேடம் கிராம்பை உடைத்தார். “இன்னிக்கு நிக்குதுங்க.”

மிதக்கும் கல் இன்னும் புரளாமல் இருந்தாலும் கோடு பொருந்தத்தான் செய்யும். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் விடவில்லை. சரிவுகளையெல்லாம் பார்த்து வரச்சொல்லி உத்தரவு. மேடம் ஊட்டியைச் சுற்றியுள்ள சரிவுகளைப் பார்க்கப் போனார், நானும் போஜனும் இத்தலார் பக்கம் போனோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த லைனுக்குப் போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டத்தில் கல் பாதிதான் தெரிந்தது.

முதல் வீட்டிலிருந்து தெய்வானை குடையோடு வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிறு பிள்ளையாக இருந்தபோது குடும்பத்தோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கொழுந்து பறிக்கிறவர். வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார்.

“ரத்த சாரா? வாங்க, வாங்க. இன்னைக்கு எங்க சார் ரத்தம்?”

“இன்னும் பாக்கலம்மா. பாத்துட்டுச் சொல்றேன்.”

“பாக்குறதோட பாக்குறதா எங்களுக்கு ஒரு நல்ல கயிறு வாங்கித்தரச் சொல்லுங்க சார். நைலானாம் நைலான். இழுத்துக் கட்டக் கட்ட, கொடி தொய்ஞ்சுகிட்டே இருக்கு. முந்தாநேத்துத்தான் இறுக்குனேன், இந்தா பாருங்க!”

பார்த்தேன். கொடி நடுவில் தேயிலைச் செடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

மஞ்சள் பொட்டில் சாய்வுமானியை வைத்தேன். இருபத்தெட்டு காட்டியது. பக்கத்தில் என் கையெழுத்தில் முப்பத்தைந்து என்று இருந்தது.

முதலில் தோன்றியது என்ன தெரியுமா? நிம்மதி. ‘மாசியிலேயே தப்பா எழுதியிருக்கோம்டா முட்டாளே’ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ரத்தம் என்று கத்தினவன் முப்பத்தைந்தையும் இருபத்தெட்டையும் குழப்பிக்கொள்ளமாட்டானா? என் முட்டாள்தனத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. பெயின்டை அழித்துப் புதிதாக எழுத, பையில் டப்பாவைத் தேடினேன். அப்போதுதான் நினைவு வந்தது: மாசியில் மேடமும் அளந்தார். நான் எண்ணைச் சொல்வதற்கும் எழுதுவதற்கும் முன்பே அளந்தார். அவருக்கும் முப்பத்தைந்து.

சரி, கருவி கெட்டுவிட்டது. ரோட்டுவெட்டுக்கு ஓடினேன். வழுக்கி இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன். அங்கே இருந்த பழைய பொட்டில் வைத்தேன். முப்பத்தைந்து. எழுதியிருந்ததும் முப்பத்தைந்து. கருவி நன்றாகத்தான் இருந்தது.

கோடு மாறவேண்டுமானால் அந்தக் கல் மறுபடியும் பூமிக்குள் அத்தனை ஆழம் போய், வெந்து, நசுங்கி வரவேண்டும். ஆடி மழைக்கு அந்தச் சக்தி கிடையாது. கோடு மாறவில்லை என்றால் கல்தான் மாறியிருக்கிறது. பள்ளத்தைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டிருக்கிறது.

கொடிக்கயிறு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நைலான் நீளவில்லை. முளை கீழே வந்துகொண்டிருந்தது. தெய்வானை கயிற்றைக் குறை சொன்னார், நான் என்னைக் குறை சொன்னேன். கல்லை இரண்டு பேரும் சந்தேகப்படவில்லை.

திரும்பக் கல்லுக்கு வந்து அதன் பின்பக்கம் போனேன். மண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி. கையை விட்டேன். முழங்கை வரை போயிற்று. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரெல்லாம் சத்தமே இல்லாமல் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். இழுத்த பிறகும் அந்தக் குளிர் விரலில் இருந்தது.

போஜனைக் கூப்பிட்டுச் சாய்வுமானியைக் கொடுத்தேன். “இந்தப் பொட்டுல வெச்சு என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.”

“எழுதித்தான் இருக்கே சார், முப்பத்தஞ்சுன்னு.”

“அதப் பாக்காதீங்க. இதப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “இருபத்தேழுங்க சார்.” நகைச்சுவை ஒன்றும் வரவில்லை. “சார், நாம இங்கிருந்து கொஞ்சம் தள்ளி நின்னு பேசலாமா?”

வளைவு தாண்டி ஒரு சில்வர் ஓக் மரத்தடியில்தான் போன் எடுக்கும். மேடத்தைக் கூப்பிட்டேன். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன.

“மெதுவாங்க. வேற கல்லுல வெச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம். சரியா இருக்கு.”

“போஜன் பாத்தாரா?”

“இருபத்தேழுங்கறார்.”

மறுமுனையில் கிராம்பு உடைந்தது.

“கல்லுக்குள்ள கோடு மாறுமாங்க?”

“மாறாது மேடம்.”

“அப்பப் போனை வெச்சுட்டு ஆளுங்கள எறக்குங்க. நான் கலெக்டர் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்தர்றேன்.”

“மேடம், ஒருவேளை தப்பாப் போச்சுன்னா...”

“தப்பாப் போச்சுன்னா ஊரே உங்களப் பாத்துச் சிரிக்கும். அது உங்களுக்குப் பழக்கம்தானுங்களே.”

லைனில் இருந்தவர்களை வாசலில் கூட்டி நிறுத்திக்கொண்டு நான் விளக்கினேன். பாறை எப்படி உருவாகிறது, கோடு எப்படி விழுகிறது, குன்னூர் பஸ், முந்திரி, எல்லாம் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. கண் மட்டும் மேலே கல்லுக்குப் போய்ப் போய் வந்தது.

“போன தடவையும் இப்படித்தான் ஸ்கூலுக்குப் போகச் சொன்னாங்க. திரும்பி வந்தா ஒரு கோழி இல்ல,” என்றது ஒரு குரல்.

“ரத்த சாருக்கு இன்னைக்குக் கல்லு ஆடுது. நேத்து என்ன ஆடுச்சோ!”

சிரித்தார்கள். தெய்வானை சிரிக்கவில்லை. அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சார், எங்க மாமனாரு வேலையிலருந்து நின்னு வருசமாச்சு. நான் வேலைக்குப் போறதால இந்த லயத்துல ஒட்டிக்கிட்டு இருக்கோம். வெளிய போனா எஸ்டேட்ல பூட்டிருவாங்க. அப்புறம் நாங்க எங்க போறது?”

உள்ளே கட்டிலிலிருந்து கிழவரின் குரல் வந்தது. “நான் வரல. அக்கரையில ஒரு லயத்தை விட்டுட்டுத்தான் கப்பலேறுனேன். திருப்பிக் குடுத்தானா? சும்மா கதைக்காதீங்க.”

வீட்டைப் பற்றி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. “அம்மா, தயவு செஞ்சு” என்றேன். “தயவு செஞ்சு” என்று திரும்பவும் சொன்னேன். தெய்வானை என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டென்று உள்ளே போனார். கம்பளியோடு மாமனாரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். கிழவர் திட்டிக்கொண்டே வந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் பாத்திரம், பிள்ளை, கோழி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள்.

மேடம் இருட்டுவதற்குள் வந்துவிட்டார். எஸ்டேட் ஃபீல்டு ஆபீசரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, “தாங்கள் இவங்க ஊட்டுல கை வைக்க மாட்டீங்கன்னு நம்பறேனுங்க” என்றார். அவ்வளவு மரியாதையைக் கேட்டு அந்த மனிதர் வெலவெலத்துப் போனார். பிறகு லைன்காரர்களிடம் சொன்னார்: “அவங்கவங்க ஊட்ட அவங்கவங்களே பூட்டுங்க. சாவி உங்க கையிலயே இருக்கட்டும்.”

ராத்திரி எல்லோரும் ஃபேக்டரி மாடியில், பச்சைத் தேயிலை வாட்டும் கூடத்தில் தங்கினார்கள். மேடம் அடுத்த சரிவைப் பார்க்கப் போய்விட்டார்.

காலையில் வெயில் அடித்தது.

அதைவிடப் பெரிய இடைஞ்சல் எனக்கு வேறு எதுவும் வந்திருக்கமுடியாது. வானம் கழுவி வைத்தாற்போல் நீலம். குருவி கத்துகிறது. மழைதானே பயம், மழைதான் போயிற்றே என்று எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். குடித்த தண்ணீரையெல்லாம் மண் இன்னும் வயிற்றில் வைத்துக்கொண்டிருக்கிறது என்று யாரிடம் சொல்வது? கல்லுக்குப் பின்னால் என் கை போன அந்த இடைவெளிதான் கண்ணில் நின்றது.

ஃபேக்டரியிலிருந்து லைனுக்குப் போகும் வழி தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஓடிப்போய் முன்னால் நின்றேன். கையை நீட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். முழங்கால் மடங்கி அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டேன். மறியல் என்று பிற்பாடு போஜன் கதை கட்டிவிட்டார். மறியலெல்லாம் இல்லை. கால் நிற்கவில்லை.

“எந்திரிங்க சார், வழிய விடுங்க.”

“கல்லு விழுற வரைக்கும் இப்படியே ஒக்காந்திருப்பீங்களா?”

“பிஸ்கட்டு வாங்கி வெச்சிருக்கீங்களா சார்?”

எழுந்திருக்க முடியவில்லை. என்னைத் தாண்டிப் போகவும் அவர்களுக்கு இடமில்லை. இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை, ஈரம், அட்டை. முதலில் நின்றிருந்தது தெய்வானை. அவர் தாண்ட முயலவே இல்லை. கையில் சாவியை வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நின்றதால் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

முதலில் சத்தமே வரவில்லை. கொடிக்கயிறு தரையில் விழுந்து கிடந்தது தூரத்தில் தெரிந்தது. துணிக்கல் குனிந்தது. ஒரு ஆள் எதையோ தேடிக் குனிவதுபோல், அவசரமில்லாமல். பிறகுதான் அந்த இரைச்சல். காதில் இல்லை, உட்கார்ந்திருந்த எனக்கு இடுப்பெலும்பில் கேட்டது. கல்லுக்குப் பின்னால் மலையே சிவப்பாக வழிந்து வந்தது. தகரக் கூரைகள் காகிதம் மாதிரி மடங்கின. அத்தனையும் அடங்கியபோது பச்சைத் தேயிலை நசுங்கின வாசம் மட்டும் வந்தது.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாவி இருந்தது. முதல் நான்கு வீடுகள் இருந்த இடத்தில் செம்மண்ணும், இரண்டாகப் பிளந்த துணிக்கல்லும். பிளந்த முகத்தில் கோடு அப்படியே இருந்தது, ஒரு இழைகூடக் கலையாமல்.

மேடம் மதியம் வந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என் முதுகில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். அடுத்த சரிவுக்கு ஜீப்பில் ஏறினோம்.

அதற்குச் சில மாதம் கழித்து ஊட்டி மார்க்கெட்டில் தெய்வானையைப் பார்த்தேன். எஸ்டேட்டில் வேறு லைனில், ஒரு அறையை இன்னொரு குடும்பத்தோடு பங்குபோட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். மாமனார் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாராம். மழை பெய்தால் யாருக்கும் தூக்கம் வருவதில்லையாம். எனக்கும்தான் என்றேன். என் பங்குக்கு ஒரு சந்தோஷத்தைத் தேடிக்கொண்டு, “அன்னைக்கு நான் கல்லைப் பத்தி வெளக்கிச் சொன்னதும் புரிஞ்சுக்கிட்டு மொதல்ல எறங்கினது நீங்கதாம்மா” என்றேன்.

அவர் முட்டைக்கோஸைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்:

“நீங்க சொன்ன கல்லுக் கதை ஒரு மண்ணும் வெளங்கல சார். உங்க காலு நடுங்குச்சு பாருங்க, அதப் பாத்துத்தான் எறங்குனேன். அந்த மேடம் மாதிரி தைரியமா யாராச்சும் வந்து சொல்லியிருந்தா, போங்க போங்கன்னு சொல்லிட்டு அங்கேயே படுத்திருப்போம்.”